இதயம் பலவீனமானவர் நடக்கலாமா? எவ்வளவு நடப்பது, எங்கே நிறுத்துவது

மூச்சு முட்டலோடு வாட்டில் சேர்ந்த ஒருவர், ஊசி போட்டு நீர் வடிந்ததும், இதயச் செயலிழப்பு என்று எழுதிய கிளினிக் கொப்பியோடு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள தன் வீட்டுக்குத் திரும்புகிறார். "மெதுமெதுவா நடங்க" என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருப்பார். வீட்டிலோ பிள்ளைகள், "வாப்பா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம், சும்மா இருங்க" என்பார்கள். அடுத்த கிளினிக் வரைக்கும் அவருக்குக் கதிரைதான். குடிக்கிற தண்ணீர்கூட இருந்த இடத்துக்கு வரும்.

இரண்டு பேச்சும் அக்கறையில் வருவதுதான். ஆனால் வைத்தியர் சொன்னதே சரி. எவ்வளவு நடப்பது, எப்போது கூட்டுவது, எந்தக் கட்டத்தில் நிற்பது என்பதையெல்லாம் நூறு பேர் காத்திருக்கிற கிளினிக்கில் விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த விளக்கத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எக்கோ அறிக்கையில் உள்ள சதவீதம்

உடம்புக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் தள்ள முடியாமல் போவது, அல்லது தள்ளினாலும் இதயத்துக்குள் அழுத்தம் கூடிப்போவது, இதுதான் இதயச் செயலிழப்பு. அந்த அழுத்தம் பின்பக்கமாகத் தேங்கும்போது நுரையீரலில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாரடைப்பு, பல வருடம் கவனிக்காமல் விட்ட பிரஷர், சீனி வருத்தம், வால்வுக் கோளாறு, குடிப்பழக்கம் என்று காரணங்கள் பல.

இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தால் ஒரு சதவீதம் எழுதித் தருவார்கள். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதே அந்தக் கணக்கு. பொதுவாக 55 முதல் 70 வரை இருக்கும். 40 அல்லது அதற்குக் கீழே என்றால் தள்ளும் சக்தி குறைந்த வகை. 50-க்கு மேலே இருந்தும் நோய் இருக்கலாம். அது இதயச் சுவர் விறைத்துப்போய், இரத்தம் நிரம்புவதில் சிக்கல் ஏற்படுகிற வகை. வயதானவர்களிடமும், பிரஷரும் சீனியும் பல காலம் உள்ள பெண்களிடமும் அதிகம் காணப்படுகிறது.

30 சதவீதம் என்றவுடன், மீதி 70 சதவீத இதயம் செத்துவிட்டது என்று பல குடும்பங்கள் நினைத்து ஒடிந்துபோகின்றன. கணக்கு அப்படி இல்லை. நல்ல இதயத்தில் சுமார் 120 மில்லிலீட்டர் நிரம்பி 70 வெளியேறும். விரிந்துபோன இதயத்தில் 200 நிரம்பி 60 வெளியேறினால், அது 30 சதவீதம். ஒரு துடிப்புக்குப் போகிற அளவில் 70-க்கும் 60-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் இருந்த இடத்தில் இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. படி ஏறும்போது நல்ல இதயம் தன் வெளியேற்றத்தைப் பல மடங்கு கூட்டிவிடும், பலவீனமான இதயத்தால் அது முடியாது. அங்கேதான் இளைப்பு வருகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே சதவீதம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருவார், மற்றவர் குளித்துவிட்டு வரவே களைத்துப்போவார். ஒருவர் எவ்வளவு நடக்க முடியும் என்பதை அந்தச் சதவீதம் சரியாகச் சொல்வதில்லை என்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி காலில் இருக்கிறது.

ஓய்வு எடுத்தால் என்ன ஆகிறது

1970-கள் வரை இந்த நோய்க்குப் படுக்கை ஓய்வே சிகிச்சையாக இருந்தது. பிள்ளைகள் சொல்கிற "சும்மா இருங்க" அந்தக் காலத்து வைத்தியத்தின் மிச்சம்.

1966-இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் 20 வயது மதிக்கத்தக்க, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கும் மேலாகக் குறைந்துபோனது. 30 வருடம் கழித்து அதே ஐவரையும் திரும்பப் பரிசோதித்தார்கள். 30 வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிதாக இருந்தது. நோயில்லாத இளைஞருக்கே இந்த நிலை என்றால், அறுபது வயதில் இதயம் தளர்ந்த ஒருவரை மாதக்கணக்கில் கதிரையில் இருத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நோயில் தசையும் கெடுகிறது. தொடைத் தசை மெலிகிறது, அதற்குள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் குறைகின்றன, ஒட்சிசனை எரித்துச் சக்தி தரும் நுண்ணுறுப்புகளும் குறைகின்றன. அப்படிப்பட்ட தசை சீக்கிரம் களைத்து, "மூச்சைக் கூட்டு" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நோயாளிக்கு அது இதயத்தின் இளைப்பாகத் தெரிகிறது. பயந்து இன்னும் குறைவாக நடக்கிறார், தசை இன்னும் மெலிகிறது. இரத்தக் குழாய்களும் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் இறுகி நிற்பதால், பலவீனமான இதயம் இறுகிய குழாய்க்குள் தள்ள வேண்டியிருக்கிறது.

வயல்காரருக்கு இது எளிதில் பிடிபடும். வாட்டர் பம்பின் சக்தி குறைந்துவிட்டது, புதிது வாங்க வழியில்லை. ஆனால் வாய்க்காலைத் துப்பரவாக்கி, வரம்பின் ஓட்டைகளை அடைத்தால், அதே பம்பு இறைக்கிற தண்ணீரே வயலுக்குப் போதும்.

நடையால் எது மாறும், எது மாறாது

1. கால் தசை தேறுகிறது. அதே அளவு இரத்தத்திலிருந்து கூடுதல் ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. இளைப்புக் குறைவதற்கு முதல் காரணம் இதுதான்.
2. இரத்தக் குழாய்களின் உட்சுவர் அவற்றை விரியச் செய்யும் நைட்ரிக் ஒக்சைட்டைக் கூடுதலாகச் சுரக்கிறது. இதயத்தின் சுமை குறைகிறது.
3. எந்நேரமும் முறுக்கேறி நிற்கும் நரம்பு மண்டலமும் அட்ரினலின் சுரப்பும் தணிகின்றன.
4. எக்கோவில் வரும் சதவீதம் சிலருக்குக் கொஞ்சம் கூடும், பலருக்கு அப்படியே இருக்கும்.

நாலாவதைத் தெரிந்துகொள்ளாமல் நடக்கத் தொடங்குகிறவர்கள்தான் ஏமாந்து பாதியில் விடுகிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு எக்கோ எடுத்து, எண் மாறவில்லை என்றவுடன் "இதெல்லாம் வீண்" என்று இருந்துவிடுவது பெரிய பிழை. சந்தி வரை நிற்காமல் போக முடிகிறதா, குளித்துவிட்டுக் களைப்பில்லாமல் சாப்பிட இருக்க முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய அளவு. சதவீதத்தைக் கூட்டுகிற வேலையை முக்கியமாக மருந்துகள் செய்கின்றன: பிசோப்ரொலோல், கார்வெடிலோல் வகை, எனலாப்ரில், லோசார்டன் வகை, ஸ்பைரோனோலாக்டோன், கடைசியாக வந்த டப்பாகிளிஃபுளோசின் வகை.

ஆய்வுகள் சொல்வதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2009-இல் வெளியான எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், சதவீதம் 35-க்கு மேற்படாத 2,331 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். உடற்பயிற்சி அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று அது உறுதியாகக் காட்டியது. வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது. மரணமும் வைத்தியசாலை அனுமதியும் சேர்ந்த கணக்கில், நோயின் தீவிரத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது 11 சதவீதக் குறைவு தெரிந்தது. இது மிதமான பலன்தான். ஆனால் பயிற்சிக் குழுவில் பாதிக்கும் குறைவானவர்களே சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை வாசிக்க வேண்டும். 2021-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கமும் 2022-இல் அமெரிக்க வழிகாட்டுதலும், இயன்ற எல்லா நோயாளிகளுக்கும் உடற்பயிற்சியை மிக உறுதியான பரிந்துரையாகவே வைத்திருக்கின்றன.

உடம்பு தேறியதும் குளிசையை விட்டுவிடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இதயம் விரிந்து, மருந்தால் முழுதாகத் தேறியவர்களை வைத்து நடந்த டிரெட்-எச்எஃப் ஆய்வில், மருந்தை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நன்றாக நடக்க முடிகிறது என்பது குளிசையை நிறுத்தக் காரணம் ஆகாது.

யார் இப்போது தொடங்கக் கூடாது

இருந்த இடத்திலேயே இளைப்பவர், கால் வீக்கமோ எடையோ ஏறிக்கொண்டிருப்பவர், நெஞ்சுவலி அடிக்கடி வருபவர், மயக்கம் போட்டு விழுந்தவர், துடிப்பு தாறுமாறாக ஓடுபவர், பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பவர், காய்ச்சலில் இருப்பவர். இவர்கள் முதலில் வைத்தியரிடம் போய் நிலையைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். மற்ற எல்லோரும் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

முதல் எட்டு வாரம்

எடுத்துக்காட்டாக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 62. எக்கோவில் 35 சதவீதம். கால் வீக்கம் வடிந்து மூன்று வாரம், குளிசைகள் ஒழுங்காகப் போகின்றன. வீட்டுக்குள் நடந்தால் ஒன்றுமில்லை. சந்திக் கடைக்குப் போனால் நடுவழியில் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

காலையில் எழுந்து சலம் போனதும், தேத்தண்ணி குடிக்க முதல், சாரத்தோடு தராசில் ஏறி எடையைப் பார்த்துக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்க்கிறார். குழி விழவில்லை. சரி, இன்று நடக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் வளவுக்குள்ளேயே ஆற அமர நடக்கிறார். அப்புறம் ஒழுங்கையில் இறங்கி மூன்றாவது லைட் போஸ்ட் வரை. வேகத்துக்கு அளவு பேச்சுதான். கூட வருகிறவரோடு ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடிய வேண்டும். பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் கூடிப்போய்விட்டது. திரும்பி வருகிற தூரத்துக்கும் தெம்பு வேண்டும் என்பதால், களைப்பு வருவதற்கு முன்பே திரும்புகிறார். வந்தவுடன் கதிரையில் விழுவதில்லை. வளவுக்குள் இன்னும் ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடக்கிறார். நடந்த கால்களில் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இதய நோய்க் குளிசைகளில் பல பிரஷரையும் இறக்குபவை என்பதால் இவர்களுக்கு அது இன்னும் எளிதில் நடக்கும்.

கூட்டிக்கொண்டு போகிற விதம் இது:

1. முதல் இரண்டு வாரம்: வளவுக்குள் நடக்கிற நேரம் போக, ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், காலையும் மாலையும்.
2. மூன்றாம், நாலாம் வாரம்: இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டி 15 நிமிடம் வரை.
3. ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள்.
4. 30 நிமிடம் பழகிய பிறகுதான் வேகத்தைத் தொட வேண்டும். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது.

நடந்த களைப்பு ஒரு மணித்தியாலத்தில் தெளிய வேண்டும். மறுநாள் வரை உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால், முந்தின வாரத்தின் அளவுக்கு இறங்கிவிடலாம். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து போனால் முதல் வாரத்திலிருந்தே தொடங்குவது நல்லது. சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலமாவது கழியட்டும்.

220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பை அளக்கிற முறை இவர்களுக்குப் பொருந்தாது. பிசோப்ரொலோல், கார்வெடிலோல் போன்றவை துடிப்பு ஏறவிடாமல் பிடித்துவைக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய கைக்கடிகாரம் "இன்னும் வேகமாக" என்று சொன்னாலும், உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது எட்டுத் தடவை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது எட்டுத் தடவை, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையால் உயர்த்துவது எட்டுத் தடவை, இவ்வளவும் போதும். உயர்த்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கவே கூடாது.

நடந்த கால் வலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிக் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, வடிந்த வீக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். வலி இருந்தால் பனடோல் போடலாம்.

கச்சான் காற்றும் இளநீரும்

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையோரமும் சமதரை. நடைக்கு இதைவிட வசதி இல்லை. சிக்கல் வெக்கைதான். சித்திரை வெயிலும், வருட நடுவில் வீசுகிற கச்சான் காற்றும் உடம்பு நீரை உறிஞ்சிவிடும். நீர் போகிற குளிசையும் குடித்துவிட்டு வியர்த்தால் பிரஷர் சடுதியாக இறங்கும். காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளலாம். கச்சான் அனலாக அடிக்கிற நாளில் ஃபேன் ஓடுகிற ஹோலிலும், மார்கழி மழையில் விறாந்தையிலும் முன்னும் பின்னும் நடந்தாலும் அது நடைதான். வெளியே நடந்து பழகாத பெண்களுக்கு வளவே போதும்.

நடந்து வந்தவுடன் இளநீர் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோனும் எனலாப்ரில், லோசார்டன் வகையும் ஏற்கனவே பொட்டாசியத்தைக் கூட்டுபவை. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும், சிறுநீரகம் பாதித்தவருக்கு இன்னும் ஆபத்து. வைத்தியரிடம் கேட்காமல் தினமும் இளநீர் குடிக்காதீர்கள். வியர்த்ததற்காக, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனித் தூளைக் கரைத்துக் குடிப்பதும் உப்பைச் சேர்ப்பதுதான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு உள்ளவர்கள், வெக்கை நாட்களுக்கு அந்த அளவை மாற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும்.

கல்லடிக் கடற்கரையில் நடக்கிறவர்கள் புதை மணலைத் தவிர்த்து, இறுகிய தரையில் நடப்பது நல்லது. மணலில் அதே தூரத்துக்குச் சக்தி கூடுதலாகச் செலவாகும். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால் பக்கத்து இரத்தம் நெஞ்சுக்கு ஏறி இதயத்தின் மேல் சுமை கூடும். பாசிக்குடாவில் இறங்கினாலும் முழங்காலளவோடு நிற்கட்டும்.

வயல், வலை, வீட்டு வேலை

"நாள் முழுக்க வேலை செய்யிறன், பிறகென்ன நடை?" என்று கேட்பவர்கள் நிறைய. வேலையும் அசைவுதான். ஆனால் பயிற்சியை நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், வேலையை அப்படி நிறுத்த முடியாது. நெல் மூட்டை தூக்கும்போதும், கரைவலை இழுக்கும்போதும், கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும் மூச்சை அடக்கித் தம் பிடிக்கிறோம். அந்த நேரம் பிரஷர் உச்சிக்கு ஏறும். அத்தோடு நடுப்பகல் வெயிலும் சேர்ந்துவிடும். மூட்டையையும் வலையையும் கைவிடத்தான் வேண்டும். வரம்பில் நடந்து தண்ணீர் பார்த்து வருவது பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். கூட்டுதல், சமையல் போன்ற வேலைகள் நின்று நின்று நடப்பதால் மூச்சுக்கும் தசைக்கும் தொடர்ச்சியான பயிற்சி ஆவதில்லை. அவற்றோடு தனியாக ஒரு பத்து நிமிடமாவது நடை வேண்டும்.

கதிர்காமப் பாதயாத்திரையும் நோன்பும்

ஒவ்வொரு வருடமும் யாத்திரிகர்கள் மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தைக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காட்டு வழியில் கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர் அந்தக் காட்டு வழியில் இறங்கக் கூடாது. நாள்கணக்கான நடை, வெயில், குறைந்த தூக்கம் எல்லாம் ஒன்றாகச் சேர்கிற பாதை அது. ஆபத்து என்றால் நினைத்தவுடன் அம்புலன்ஸ் வந்து சேர முடியாத இடம். நேர்த்தி இருக்கிறவர் உகந்தை வரை வாகனத்தில் போய்க் கும்பிட்டு வரலாம்.

நோன்பு காலத்தில் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்து, நீர் போகிற குளிசையும் டப்பாகிளிஃபுளோசின் வகையும் தொடர்ந்தால் உடம்பு வறண்டுவிடும். நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் குளிசை நேரங்களை எப்படி மாற்றுவது என்று நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். நோன்பு பிடிக்க அனுமதி கிடைத்தவர் நடையை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

நிற்க வேண்டிய அடையாளங்கள்

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, படபடப்பு, பேச முடியாத இளைப்பு வந்தால் அங்கேயே நின்று இருந்துவிட வேண்டும். சில நிமிட ஓய்வில் தீராவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அழைப்பும் சேவையும் இலவசம். வீட்டு மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்து ஏற்றிப் போக வேண்டாம்.

கீழே உள்ளவை மெதுவாக வருபவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடையை நிறுத்திவிட்டு, கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்:

1. மூன்று நாளைக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் கூடுவது.
2. ஒரு தலையணையில் படுத்தவருக்கு இரண்டு மூன்று தேவைப்படுவது, இரவில் மூச்சு முட்டி எழும்புவது.
3. காலில் அழுத்தினால் குழி விழுவது.
4. போன வாரம் சுலபமாக நடந்த தூரம் இந்த வாரம் முடியாமல் போவது.

அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியவை

என் நிலை பயிற்சிக்குப் போதிய அளவு சீராக இருக்கிறதா? ஆறு நிமிட நடைப் பரிசோதனையோ ஈசிஜி பார்த்துக்கொண்டே நடக்க வைக்கும் பரிசோதனையோ எனக்குத் தேவையா? வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவுக்குத் துண்டு தர முடியுமா? நெஞ்சில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சி தரும் கருவியோ வைத்தவர்கள், எத்தனை வாரத்துக்குப் பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்கலாம், எந்தத் துடிப்பு எண்ணுக்கு மேல் போகக் கூடாது என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைக் கூச்சத்தில் பலர் கேட்பதில்லை. காலையில் நீர் போகிற குளிசையான ஃபுரோசமைட் போட்டால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு அடிக்கடி சலம் வரும். ரோட்டில் எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில் நடையைக் கைவிடுகிறவர்கள், அதிலும் பெண்கள், நிறையப் பேர். சிலர் நடப்பதற்காகக் குளிசையையே விட்டுவிடுகிறார்கள், அது நேராக வாட்டில் கொண்டுபோய் விடும். நடந்து வந்த பிறகு குளிசையைப் போடலாமா, நேரத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.